பங்களாக் கதைகளும் ஆறு மணி விளக்கும்

இருநூறு வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் ஒரு வீடு. பாழடைந்த பங்களாக் கதைகளில் எனக்கு முதல் மர்மம் அதுதான். மாடியில் கேட்கும் காலடிச் சத்தம், பூட்டிய அறை, ஜன்னலோரம் அசையும் வெள்ளைச் சேலை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு வீடு தன் கூரையோடும் கதவு நிலைகளோடும் இருநூறு வருடம் எப்படி நின்றது என்றே நான் வாயைப் பிளந்தேன். எங்கள் வன்னியில் நிற்கிற கல்வீடுகளில் பெரும்பாலானவை போருக்குப் பிறகு கட்டியவை, என்னைவிட இருபது வயது இளையவை. பேய்க்கும் ஒரு நிரந்தர முகவரி வேண்டுமல்லவா? எங்கள் ஊர்ப் பேய்கள் எங்களோடு சேர்ந்து மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்திருக்கும். திரும்பி வந்தபோது அவற்றுக்குக் குடியிருக்க ஒரு சுவர்கூட இருந்திராது.

கதை எப்போதும் ஒன்றுதான். ஆதரவில்லாத ஒரு பெண் கையில் ஒரு பெட்டியோடு ஒரு பெரிய பங்களாவுக்கு வருகிறாள். வேலைக்காக வருவாள், அல்லது மணப்பெண்ணாக வருவாள். வீட்டுக்காரன் ஒரு சிடுமூஞ்சி. அவனிடம் ஒரு ரகசியம் இருக்கிறது. ஓர் அறையைக் காட்டி அந்தப் பக்கம் போகாதே என்கிறான். அவள் போகிறாள், போகாவிட்டால் கதை பதினைந்து பக்கத்தில் முடிந்துவிடும். இவற்றையெல்லாம் குப்பை என்று ஒதுக்கிவிடுகிற படித்தவர்களோடு எனக்குச் சரிவராது. அவர்கள் யாரும் வேறொருவருடைய பெரிய வீட்டின் சாவியை, எங்கள் சொல்லில் திறப்பை, வாங்கிக்கொண்டு தனியே குடியிருந்தவர்கள் அல்லர்.

நான் இருந்தேன். நான்கு வருடம்.

கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம் உடையார்கட்டில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், இரண்டு மாடி வீடு கட்டியிருந்தது. கீழே மூன்று அறை, மேலே இரண்டு, முன்னுக்கு உருண்ட தூண்கள், கேற்றின் இரு பக்கமும் வாயைப் பிளந்தபடி இரண்டு சீமெந்துச் சிங்கங்கள். குடிபுகுந்து பத்து நாள் இருந்துவிட்டு அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். வீட்டைப் பார்க்க நம்பிக்கையான ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று ஆள்மாறி ஆள் சொல்லி, விஷயம் தர்மபுரத்தில் இருந்த என் காதுக்கு வந்தது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகிவிடும் என்று சனம் சொல்லிக்கொண்டிருந்த காலமும் முடிந்திருந்தது. அப்பாவும் நானும் எங்கள் காணியில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். சித்திரை வெயிலில் அதற்குள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பெட்டியோடு பஸ் ஏறினேன்.

போவதற்கு முன் வீட்டுக்கார அக்கா போனில் என்னை விசாரித்தார்.

"எந்தப் பக்கம் பிள்ளை?"

"தர்மபுரம் அக்கா."

"அது தெரியும். அதுக்கு முன்னம்?"

"அப்பா மலையகம். சின்னனிலையே இஞ்சாலை வந்திட்டார்."

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சனம் என்றால் இங்கே சிலருக்கு ஒரு படி கீழேதான். அக்கா, "சரி, பரவாயில்லை. சுத்தபத்தமாய் இருப்பியோ?" என்றார். ஓம் என்றேன். அந்தப் 'பரவாயில்லை' இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கிறது. ஆனாலும் அன்றைக்கு ஓம் என்றேன்.

கூட்டுவது, துடைப்பது, பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் சின்ன வேலைகள். பெரிய வேலை ஒன்றே ஒன்றுதான். தினமும் பின்னேரம் ஆறு மணிக்குச் சாமியறையில் விளக்கு வைக்க வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது. ஆளில்லாத வீடு இருண்டு கிடந்தால் லட்சுமி வெளியே போய்விடுவாள், வேறெதுவோ உள்ளே வந்துவிடும் என்பது அக்காவின் பயம். பகலில் நான் கடைக்குப் போகலாம், கிளிநொச்சிக்கும் போய்வரலாம். ஐந்தரைக்கு முன் சிங்கங்களைத் தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். ஒரு கல்யாணவீட்டில் இராச்சாப்பாடு இல்லை, ஒரு கோயில் திருவிழா இல்லை, தங்கச்சி வீட்டில் ஓர் இரவு இல்லை. லட்சுமி தங்கினாளோ தெரியாது, நான் தங்கினேன்.

நான் வேலைக்கு வந்த முதற்கிழமை, ஒரு பின்னேரம் விறாந்தையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே சுவர் பேசியது.

"கதிரைக்குப் பின்னாலை கூட்டேல்லைப் பிள்ளை."

விளக்குமாற்றை எறிந்துவிட்டுக் கேற்வரை ஓடினேன். வீட்டில் கமரா இருப்பது தெரியும். கமராவுக்கு வாயும் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அக்கா கனடாவில் இருந்து சிரித்த சிரிப்பு ஒழுங்கைவரை கேட்டது. அப்படி மொத்தம் எட்டுக் கமராக்கள். என் அறையிலும் குளியலறையிலும் மாத்திரம் இல்லை. போகப்போகப் பழகிவிட்டேன் என்று சொல்வேன் என்று நினைக்காதீர்கள். நான்கு வருடமும் நான் அந்த வீட்டுக்குள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நடந்தேன். தனியாகச் சாப்பிடும்போதும் விரலைச் சூப்பியதில்லை. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எங்களுக்கு மத்தியானம் என்றால் அவர்களுக்கு நடுச்சாமம். ஆனால் நான் மத்தியானம் முற்றத்தில் துணி காயப்போட்டாலும், "அந்தப் பக்கம் வெயில் காணாது" என்று சுவர் சொல்லும். இந்த மனுசி எப்போது நித்திரை கொள்கிறா என்று கயிற்றைப் பிடித்தபடி யோசிப்பேன்.

புத்தகங்கள் வந்தது ஒரு நானாவிடமிருந்து. முல்லைத்தீவுப் பக்கமிருந்து மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளின் பின்னால் சாக்குக் கட்டிக்கொண்டு வந்து பழைய பேப்பர், போத்தல், இரும்பு வாங்குகிற முஸ்லிம் மனிதர். எங்கிருந்தெல்லாமோ கட்டிவந்த பேப்பருக்குள் இந்தியாவில் அச்சடித்த பழைய மாத நாவல்கள் கிடக்கும். அட்டையில் ஒரு பங்களா, ஒரு நிலா, பயந்த கண்ணோடு ஒரு பெண். நான் போத்தல்களைக் கொடுத்துவிட்டு அவற்றைப் பொறுக்கிக்கொள்வேன்.

"தங்கச்சி, நீங்க இருக்கிறதே பங்களா. பிறகென்ன பங்களாக் கதை?" என்றார் ஒருமுறை.

"இந்தப் பங்களாவிலை பேய் இல்லையே நானா."

"ஆர் சொன்னது? ஒழுங்கையிலை பள்ளிக்கூடப் பிள்ளையள் வேற கதையெல்லோ சொல்லுதுகள்."

வெள்ளிக்கிழமைகளில் தலைமுழுகி, மயிரை விரித்துப் போட்டபடி, சாம்பிராணித் தட்டோடு மேல்மாடிவரை ஒவ்வோர் அறையாகப் புகை காட்டிக்கொண்டு போவேன். அது அக்காவின் கட்டளை. வெளியே ரியூசன் முடிந்து சைக்கிளில் போகிற பிள்ளைகளுக்கு ஜன்னலில் புகையும், புகைக்குள் ஒரு விரித்த தலையும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் கேற்றடியில் மிதித்த மிதியில் செயின் கழன்ற கதைகளும் உண்டாம்.

"அது நான்தான் நானா!"

"எனக்குத் தெரியும். அதுகளுக்கெல்லோ நீங்க சொல்லோணும்."

நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. தர்மபுரத்தில் என்னைக் கண்டு ஒரு கோழிகூட ஒதுங்கியதில்லை.

மேல்மாடியில் பூட்டிய அறை ஒன்றும் இருந்தது. நான்கு மாதம் அதன் கதவைப் பார்த்தபடியே கடந்துபோனேன். கறையான் பிடித்திருக்குமோ என்று அக்காவுக்கு ஒருநாள் பயம் வந்து, திறப்பு எந்த மேசை லாச்சியில் கிடக்கிறது என்று சொன்னார். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பெட்டி பிரிக்காத ரைஸ் குக்கர் மூன்று, கண்ணாடிக் கோப்பை செட்டுகள், பொலித்தீன் சுற்றிய மெத்தை, நடந்துகொண்டே நிற்கிற அந்த உடற்பயிற்சி மெஷின். குடிபுகுந்த வீட்டுக்கு வந்த அன்பளிப்புகள். எனக்கு அழுகை வருகிற அளவுக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் ஒரு பைத்தியக்காரியையாவது எதிர்பார்த்திருந்தேன்.

அப்பா ஒரு நாள் பகலில் என்னைப் பார்க்க வந்தார். தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே பத்துக் குடும்பம் இருந்த வரிசையில் பிறந்தவர். நான் வெளியில் வன்னித் தமிழ் பேசுவேன், அவரோடு மட்டும் அவருடைய தமிழ். முற்றத்தில் என் புத்தகத்தை எடுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா புள்ள?"

"பங்களாவுல பேய் இருக்கிற கதப்பா."

"பங்களாவுல பேய் எங்க இருந்துச்சு? தொரதான் இருந்தாரு. அது போதாதா?" என்றார். வீட்டுக்குள் வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணடியிலேயே இருந்தார். கமரா பார்க்கிறது என்று நான் சொல்லவில்லை, அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அப்பா சொன்னது சரி என்றால் நான் ஏன் அந்தக் கதைகளை விழுந்து விழுந்து படித்தேன்? யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயத்துக்காக அல்ல. பயம் என்னிடம் தாராளமாக இருந்தது. அந்தக் கதைகளில் பயத்துக்கு ஒரு காரணம் இருக்கும், கடைசி அத்தியாயத்தில் யாராவது வந்து அந்தக் காரணத்தை விளக்கிச் சொல்லிவிடுவார்கள். அது பெரிய ஆறுதல். காதலுக்காகவும் அல்ல. அந்தச் சிடுமூஞ்சி ஆண்களில் ஒருவனுக்கும் நான் ஒரு தேத்தண்ணிகூட ஊற்றிக் கொடுக்கமாட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஆசை வீட்டின் மேல். அவள் முதல்முறை மாடிப்படியில் கைவைக்கிற இடத்தை எழுதியவர் அரைப் பக்கத்துக்கு எழுதுவார். அவன் கையைப் பிடிப்பது இரண்டு வரியில் முடிந்துவிடும். பயந்து நடுங்குவாள், அழுவாள், கடிதம் எழுதுவாள், ஆனால் போகமாட்டாள். முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. உனக்குக் காலில்லையா, கேற் திறந்துதானே கிடக்கிறது என்று புத்தகத்தைத் திட்டியிருக்கிறேன்.

பிறகு என்னைப் பார்த்தேன். எனக்கென்று ஓர் அறை, அதற்கு ஒரு திறப்பு, திருகினால் தண்ணீர் வருகிற குழாய், மழை பெய்தால் சத்தம் மட்டும் கேட்கிற கூரை. சம்பளத்தில் அப்பாவின் மருந்தும் அரிசியும் நடந்தது. அக்காவை நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை. வழவழவென்ற அந்தப் படிக்கட்டில் கையை வைத்து இறங்காத நாளும் இல்லை. அதுதான் என்னைப் பிடித்து வைத்தது. கேற்றுக்கு நான் பூட்டுப் போட்டது உள்ளுக்குள் இருந்துதான்.

எனக்கு விடுமுறை என்று ஒன்று இருந்தால் அது துடக்கு நாட்கள்தான். மாதவிடாய் வந்தால் பெண் சாமியறைப் பக்கம் போகக் கூடாது, விளக்கைத் தொடக் கூடாது. ஆகவே மாதத்தில் மூன்று நாள் தங்கச்சி தர்மபுரத்தில் இருந்து பஸ்ஸில் வந்து அங்கே நிற்பாள், நான் கொட்டிலுக்குப் போய் அப்பாவோடு இருப்பேன். எனக்கு வந்துவிட்டது என்று கனடாவுக்கு நான் அறிவிக்க வேண்டும். அக்கா அதைக் கணக்கு வைத்திருந்தார். இரண்டு நாள் பிந்தினால், "என்ன பிள்ளை, இன்னும் இல்லையோ?" என்று சுவர் கேட்கும். வெட்கத்தில் எனக்குக் காது சுடும். ஆனால் அந்த மூன்று நாட்களுக்காக நான் மாதம் முழுக்கக் காத்திருந்ததும் உண்மை. பெண்களைத் தள்ளிவைக்கிற வழக்கத்தை யார் வேண்டுமானாலும் திட்டட்டும், நானும் திட்டுவேன். எனக்குக் கேற்றைத் திறந்துவிட்டது அது ஒன்றுதான்.

மூன்றாம் வருட முடிவில் அரசாங்க வீட்டுத்திட்டத்தில் என் பெயர் வந்தது. எங்கள் காணியில், என் பெயரில், இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் குசினியும். சொன்ன நேரத்துக்குள் அத்திவாரம் போட்டாக வேண்டும். அதைவிட முக்கியமானது, காணியில் குடியிருப்பவர்களுக்குத்தான் வீடு. பார்க்க வருகிறபோது ஆள் இல்லையென்றால் பெயர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். வந்து கேட்ட அலுவலர் பெண்ணிடம் அப்பா, "மக கடைக்குப் போயிருக்கு" என்றார். அடுத்தமுறையும் கடைக்குப் போயிருந்தேன். மூன்றாம் முறை அந்தப் பெண், "அப்படி எந்தக் கடை ஐயா அது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதைப்பற்றி அக்காவுக்கு நான் மூச்சுவிடவில்லை. சொன்னால் வேலை போகும் என்ற பயம். சொல்லாவிட்டால் வீடு போகும். இரண்டுக்கும் நடுவில், ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அத்திவாரக் கல் வைக்கத் தைப்பூசத்தன்று காலை நேரம் குறித்துக் கிடைத்தது. விடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள். சாமான்களை ஆயத்தப்படுத்த அதற்கு முதல்நாள் இரவே நான் தர்மபுரத்தில் நிற்க வேண்டும். அன்று சொந்த வேலையாக ஓர் இரவு போக வேண்டும், தங்கச்சி வந்து விளக்கு வைப்பாள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"தைப்பூசத்திலைதான் நாங்கள் குடிபூந்தது பிள்ளை. அண்டைக்கு உன்ரை கையாலைதான் விளக்கேறோணும். உன்ரை தங்கச்சி திரியே ஒழுங்காய்ப் போடமாட்டாள். வேறொரு நாள் போவன்."

கல் வைக்கிற நேரத்தை வேறொரு நாளுக்கு எப்படி மாற்றுவது? இரண்டு நாள் கழித்து, அதாவது பூசத்துக்கு முதல்நாள் காலை, கமராவைப் பார்த்து, துடக்கு வந்துவிட்டது என்றேன்.

"போன மாசம் பூரணைக்குப் பிந்தியெல்லோ வந்தது?"

"இந்தமுறை முந்திட்டுது அக்கா."

"சரி. தங்கச்சியை வரச்சொல்லு" என்றார். நான் தர்மபுரம் போனேன், அன்று பின்னேரம் தங்கச்சி வந்து விளக்கு வைத்தாள். மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் அவளும் தர்மபுரத்துக்கு வந்துவிட்டாள்.

மஞ்சள் சேலை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குழிக்குள் நவதானியமும் பாலும் விட்டு, முதல் கல்லை மேசன் பிடிக்க நான் கைவைத்தேன். பிறகு அப்பா வைத்தார். அப்பாவுக்குக் கை எடுக்க மனமில்லை. மேசன், "ஐயா, கல்லு இனி எங்கையும் போகாது" என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தோம். முப்பத்தாறு வயதில் என்னுடையது என்று ஒரு மூலையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தங்கச்சி படம் எடுத்தாள். உடையார்கட்டுக்குத் திரும்பி விளக்கு வைக்கப் போகும்போது, பஸ்ஸில் இருந்தபடி அதை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். அக்காவின் நம்பர் அவளுடைய போனிலும் இருக்கிறது என்பது அவளுக்கு நினைவு வரவில்லை. வந்திருந்தாலும் அவளுக்குச் சந்தோஷம், போட்டுத்தான் இருப்பாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் திரும்பிப் போனேன். ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. திரியைக் கையில் எடுக்கும்போது சாமியறை வாசலில் இருந்த கமரா பேசியது.

"பிள்ளை, படத்தைப் பாத்தனான்."

நான் திரும்பவில்லை.

"துடக்கோடை போய் அத்திவாரக் கல்லைத் தொட்டனியோ? இல்லாட்டில் எனக்குப் பொய் சொன்னனியோ? ரெண்டிலை ஒண்டுதானே. எது?"

முதலாவதை ஒப்புக்கொண்டால் தப்பிவிடலாம். அறியாத சனம் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு மன்னித்திருப்பார், வேலையும் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கதை போனில் ஏறி, சொந்தபந்தம் சுற்றி, தர்மபுரத்துக்கு வந்துசேரும். துடக்கோடு கல் வைத்த வீடு என்று என் வீட்டுக்குப் பெயர் வந்துவிடும். கட்டாத வீட்டுக்கே ஒரு பேய் பிடித்துவிடும்.

"பொய்தான் அக்கா. எனக்கு ஒண்டும் வரேல்லை."

"ஏன் பிள்ளை பொய் சொன்னனி?"

"மாசத்திலை மூண்டு நாள்தான் என்னை இந்த வீட்டிலையிருந்து விடுறியள். அதுவும் நான் அசுத்தமெண்டு. வேறை என்னத்தைச் சொல்லிக் கேக்கிறது? அதைத்தான் சொன்னனான்."

அவ்வளவு சத்தமாக நான் அந்த வீட்டுக்குள் பேசியதே இல்லை. சொல்லிவிட்டு, போ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. பங்களாக் கதைகளில் எந்தப் பெண்ணும் தானாகக் கேற்றைத் திறந்து போவதில்லை. கடைசியில் பங்களா தீப்பிடிக்கும், அல்லது இடிந்து விழும், அவள் தப்பி ஓடுவாள். முடிவை அவள் எடுக்கத் தேவையில்லை. நானும் ஒரு நெருப்பைத்தான் எதிர்பார்த்து நின்றேன்.

நெருப்பு வரவில்லை. சுவருக்குள் இருந்து அழுகைச் சத்தம் வந்தது.

"நீ போனால் நான் ஆரைப் பாக்கிறது?"

எனக்கு விளங்கவில்லை. அக்கா விட்டுவிட்டுச் சொன்னார். அண்ணை, அவருடைய புருஷன், இரண்டு வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவரும் வேறு நகரங்களில். அக்காவுக்கு முழங்கால் ஏலாது, வெளியில் பனி, கார் ஓட்டத் தெரியாது. குசினி மேசையில் போனை நிமிர்த்தி வைத்துவிட்டு இருந்தால் நாள் போய்விடும்.

"நீ கூட்டேக்கை நானே எங்கட வீட்டைக் கூட்டுறமாதிரி இருக்கும். நீ சோத்துக் கோப்பையோடை இருந்தால்தான் நானும் இஞ்சை சாப்பிடுவன். உனக்குத் தெரியாது."

"அப்ப இரவிலை நித்திரை கொள்ளுறேல்லையோ அக்கா?"

"அங்கை விடிஞ்சிட்டுதெண்டால் எனக்கு நித்திரை வராது பிள்ளை."

நான் சாமியறை வாசலிலேயே இருந்துவிட்டேன். நான்கு வருடம் பூட்டிய அறையைத் தவறான நாட்டில் தேடியிருக்கிறேன். இரக்கம் வந்தது, கோபமும் போகவில்லை. என்னைப் பார்த்தது போதாதென்று என்னோடு சாப்பிட்டும் இருக்கிறார், ஒரு சொல் கேட்காமல். நாங்கள் பேசி முடிந்தபோது வீடு நன்றாக இருட்டிவிட்டது. அன்றைக்கு விளக்கேறவில்லை.

மாத முடிவில் போகிறேன் என்று நானே சொன்னேன். அக்கா மறிக்கவில்லை. போகிற நாள் காலையில் என் பெட்டி விறாந்தையில் இருந்தது. வேறோர் ஆளைப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, "உன்ரை வீடு கட்டி முடிஞ்சாப் பிறகு, குசினிக்குள்ளை ஒரு சின்னக் கமரா பூட்டுவமோ? நான் வாங்கித் தாறன். ஒண்டும் கதைக்கமாட்டன் பிள்ளை. சும்மா பாத்துக்கொண்டிருப்பன்" என்றார்.

ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. நான்கு வருடமாக அந்தக் குரலுக்கு நான் சொல்லிப் பழகிய ஒரே பதில் அதுதான். அந்த அழுகையை வேறு கேட்டிருந்தேன். குசினிதானே, ஒரு மூலையில் தொங்கிவிட்டுப் போகட்டும் என்றும் தோன்றியது.

"இல்லை அக்கா. வேண்டாம்" என்றேன்.

நான் பெட்டியை எடுத்தேன். கேற்வரை நடக்கும்போது என் முதுகு கூசியது.

அடுத்தமுறை அலுவலர் பெண் வந்தபோது நான் கொட்டில் வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். "கடையிலிருந்து வந்திட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு என் பெயருக்கு நேரே எதையோ குறித்துக்கொண்டார். ஆவணிக்குள் சுவர் எழும்பி ஓடும் போட்டாயிற்று. பூச்சு இன்னும் முடியவில்லை. இரண்டு அறையில் ஒன்று அப்பாவுக்கு. அவர் இப்போது தூணடியில் இருப்பதில்லை, தூணும் இல்லை. நான் சாப்பிட்டுவிட்டு விரலைச் சூப்புகிறேன். ஆனால் சில நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று தலையைத் தூக்கி மூலையைப் பார்க்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை. அது எனக்குச் சந்தோஷமா கவலையா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

போன கிழமை அக்காவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. இத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை. "இண்டைக்கு என்ன கறி?"

அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியைப் படம் எடுத்தேன். அனுப்புவதற்கு முன் பார்த்தால், ஓரத்தில் அகப்பையைப் பிடித்த என் கை விழுந்திருந்தது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டு, கறியை மட்டும் அனுப்பினேன்.